சொல்லச் சொல்லச் சூடேறும் போன்

பொலிசில் கையெழுத்து வைத்து, கடலில் இறந்துபோன மச்சான் சஜீத்தின் போனை வாங்கிக்கொண்டு றுவைஸ் வந்து இறங்கியபோது, அக்காவின் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மூதூரிலிருந்து ஒரு வான் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். குறிஞ்சாக்கேணியில் களப்பு நீரோரமாக இருந்த அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில், வெள்ளைச் சேலை உடுத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள் சனூஸா. கணவன் மௌத்தானால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வெளியே இறங்கக்கூடாது, பிற ஆண்களைப் பார்க்கக்கூடாது. இந்தக் கட்டுப்பாடெல்லாம் அவளுக்குத்தான். அவளைப் பார்க்க வரக்கூடாதென்று ஊருக்கு யாரும் சொல்லவில்லை.

மரணம் நடந்த மையத்து வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றேதான்.

"என்ன மகள், எப்பிடி நடந்த?"

கேட்காமல் போனால் அது ஒரு குறை. கேட்டவருக்குச் சொல்லாமல் விட்டால் அது அதைவிடப் பெரிய குறை. அதையும் சுருக்கிச் சொல்லிவிட முடியாது, அன்று காலையில் அவன் என்ன சாப்பிட்டான் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கூட்டம் கேட்டு அழுது மூக்கைச் சீந்திக்கொண்டு எழும்பும்போதே அடுத்த கூட்டம் உள்ளே வரும். மறுபடியும் இடியப்பத்திலிருந்து ஆரம்பம்.

"விடியவே இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார். கூடப் போறவருக்குக் காய்ச்சல். தனியப் போகாதீங்க மச்சான் எண்டு சொன்னனான். கொட்டியாரக்குடா எனக்கு வீட்டு முத்தம் மாதிரி எண்டு சிரிச்சார். அஸர் தொழுதிட்டுப் போய்ப் படகில ஏறினார். பொழுதுபட எஞ்சின் நிண்டிட்டு. வாடைக்காத்து இழுத்துக்கொண்டு போயிட்டு..."

மறுநாள் ஆளில்லாத படகு பழுதான எஞ்சினோடு இலங்கைத்துறைப் பக்கம் ஒதுங்கியது; நடந்ததை ஊர் அதைப் பார்த்துத்தான் ஊகித்தது. அதற்குப் பிறகுதான் சம்பூர்க் கரையில் வலை இழுக்கப் போனவர்கள் சஜீத்தைக் கண்டார்கள். படகின் பலகையில் கட்டியிருந்த பொலித்தீன் பைக்குள் போன் மட்டும் நனையாமல் இருந்தது. கடலுக்குப் போகிறவர்கள் போனை அப்படித்தான் சுற்றிக் கட்டுவார்கள். போனுக்குச் செய்த காவலை அவன் தனக்குச் செய்துகொள்ளவில்லையே என்று சனூஸா நினைக்காத நாளில்லை.

றுவைஸ் தந்த போனை அவள் முந்தானையால் துடைத்து, உள்ளறை அலுமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டாள். திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தபோது மூதூர்ப் பெண்களில் மூத்தவர் கேட்டார், "எப்பிடி மகள்?"

சொல்லத் தொடங்கினாள். எஞ்சின் நின்ற இடத்துக்கு வந்தபோது உள்ளறையில் ஏதோ அதிர்ந்தது.

அழுகைச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. வான் புறப்பட்ட பிறகு போய்ப் பார்த்தாள். போன் தானாக உயிர்பெற்று, அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சியைப் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. 'கடல்வழி நின்றுவிட்டது' என்று திரையில் ஒரு வரி. தள்ளிவிட்டால் அதே வரி மீண்டும் வந்தது. அடியில் வட்ஸ்அப்பில் அவளுடைய பெயர். பெயருக்குக் கீழே அனுப்பப்படாமல் நின்றுவிட்ட ஒரு வொய்ஸ் மெசேஜ்.

அதை அழுத்தினாள். காற்று கேட்டது. பலகையில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ பேசுவதற்காக மூச்சை இழுத்தார்கள்.

திரை கறுத்துப்போனது.

அவளுக்கு அதுவரை இருந்த துக்கம் ஒன்று, அதற்குப் பிறகு வந்தது வேறொன்று. தனக்காக அவன் கடைசியாக ஏதோ சொல்லி வைத்திருக்கிறான். அது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைக் கேட்காமல் இத்தாவை முடிப்பது எப்படி, இருந்து என்ன செய்வது என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

திருகோணமலை டவுனில் போன் திருத்தும் மதுசனிடம் றுவைஸ் அதைக் கொண்டுபோனான். அடுத்த நாள் மத்தியானம் திரும்பி வந்தவன் குசினிக் கதவடியில் நின்றுகொண்டு ரகசியமாகக் கதைத்தான்.

"போனில போட்டிருக்கிற அந்த 'அப்'தான் ராத்தா பிரச்சினை. மச்சான் கடல்ல பாதை பார்க்கப் பாவிச்ச கடல்வழி. அது இடையில நிண்டு விழுந்தா, தான் ஏன் விழுந்த எண்டு ஒரு ரிப்போட் எழுதி, செய்தவங்களுக்கு அனுப்பப் பார்க்குமாம். நடுக்கடல்ல சிக்னல் விட்டு விட்டுத்தானே வரும்? அனுப்ப ஏலாது. எழுதுற பாரத்திலயே திரும்பவும் விழும். அந்த விழுகைக்கும் ஒரு ரிப்போட். அப்பிடியே ஆயிரக்கணக்கில எழுதி நிரப்பிப்போட்டுது. போனுக்கு வேற ஒரு வேலைக்கும் தெம்பில்ல."

"அப்ப அண்டைக்கு எனக்குக் கோல் எடுக்க ஏலாமப் போனது?"

றுவைஸ் நிலத்தைப் பார்த்தான். "ஓம் ராத்தா. பற்றரிய முழுக்க அதுதான் குடிச்சிருக்கும் எண்டு சொல்றான்."

ஏன் விழுந்தேன் என்று எழுதி எழுதியே ஒரு பொருள் செத்துப்போகுமா? அதைக் கையில் வைத்திருந்த மனுசனையும் கூட்டிக்கொண்டு போகுமா? சனூஸா குசினிச் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். தம்பி அழுகை அடங்கும்வரை நின்றான்.

"வொய்ஸ எடுக்க ஏலாதாமா?"

"கேபிள் போட்டுப் பார்த்தான், வெளிய வருதில்ல. அந்தக் கடல்வழிய அழிச்சா போன் திருந்தும், ஆனா மற்றதெல்லாம் சேர்ந்து அழியலாமாம்." அவன் கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்டு ராத்தா. மதுசன் பயந்திட்டான்."

"ஏன்?"

"ரிப்போட் எழுதேக்க போன் எங்க இருந்த எண்டும் அதில பதியுமாம். போன் இந்த வீட்டுக்கு வந்த பிறகு எழுதினதிலயும் வீட்டுப் பக்கமே இல்ல. எல்லாம் நடுக்கடல். இண்டைக்குக் காலமை அவன்ட மேசையில, அவன் பார்த்துக்கொண்டு இருக்கேக்கயே தானா எழும்பி எழுதியிருக்கு. அதுவும் கடல் எண்டுதான் எழுதினதாம்." றுவைஸ் அவசரமாகச் சிரிக்கப் பார்த்தான். "ஜீபிஎஸ் பழுதாயிருக்கும்."

அதே காலையில்தான் தம்பலகாமத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அவள் முழுக்கதையும் சொல்லியிருந்தாள்.

சனூஸா அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. போனை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவளே முந்திக்கொண்டு சொன்னாள். கேட்க வந்தவர்களை விடச் சொல்ல இருந்தவளுக்குத்தான் அவசரம். போனை மடியில் முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொள்வாள். இடியப்பம், சொதி, காய்ச்சல், அஸர். எஞ்சின் நின்றதும் மடி சுடும். வந்தவர்கள் கண்ணைத் துடைக்கும் இடைவெளியில் எழும்பி உள்ளே ஓடி, கதவைச் சாத்தி, அந்த வொய்ஸை அழுத்துவாள். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கேட்கும். முதலில் மூச்சு. பிறகு ஒரு இருமல். பிறகொரு நாள், தெளிவாக, "சனூஸா."

அந்தப் பெயரைக் கேட்ட அன்று அவள் சோறு தின்னவில்லை. தேவைப்படவில்லை.

வருகிறவர்கள் குறைந்தபோது அவள் ஆள் தேடத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரியை வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் முன்பே இரண்டு முறை கேட்டவள். பாவம், மூன்றாம் முறையும் அழுதாள். கட்டாரில் இருந்த மச்சிக்குத் தன் போனில் கோல் எடுத்துச் சொன்னாள். கருவாடு விற்க வந்த கிழவியைக்கூட விடவில்லை.

சஜீத்தின் தாய் ஆமினா உம்மா, மகன் மௌத்தான நாளிலிருந்து மருமகளோடுதான் தங்கியிருந்தார். சனூஸா கதை சொல்லும்போதெல்லாம் பாயின் மற்ற ஓரத்தில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு இருப்பார். அழமாட்டார். ஒரு சொல் கதைக்கமாட்டார்.

"மாமி, கேட்டுக் கேட்டு உங்களுக்குக் கஷ்டம். உள்ளுக்குப் போய்ப் படுங்களன்."

"இல்ல புள்ள. நான் இருக்கிறன். நீ சொல்லு."

வீடு மெல்ல மாறிக்கொண்டு வந்தது. மழை பெய்யாத நாளிலும் சீமெந்துத் தரை வேர்த்திருந்தது. குசினி வரைக்கும் டீசலும் உப்பும் கலந்த ஒரு மணம். களப்பு மணம் அந்த ஊருக்குப் பழகிப்போனது, இது அதுவல்ல, வெளிக்கடலின் மணம். அவள் கதை சொல்லும்போது பட்டப்பகலில் அறைக்குள் வெளிச்சம் குறையும். அவளுடைய குரல் உடைந்து தேய்ந்துவிட்டது. எந்தப் பெண் எப்போது வந்தாள், பானையில் அரிசி போட்டதா இல்லையா, லுஹர் தொழுததா இல்லையா, எதுவும் நினைவில் நிற்பதில்லை. அந்த ஒரு கதையைத் தவிர அவளுக்குள்ளும் வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விட்டது.

மாரி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம். ஒருவரும் வரவில்லை. வருவதற்கு வழியுமில்லை, ரோட்டில் முழங்காலளவு தண்ணீர். ஆமினா உம்மா உள்ளே அஸர் தொழுதுகொண்டிருந்தார்.

சனூஸா போனை முன்னால் வைத்தாள். கேட்க ஆளில்லாமலே சொல்லத் தொடங்கினாள்.

"விடியவே இடியப்பமும் சொதியும் சாப்பிட்டார்..."

மழைச் சத்தம் தூரமாகப் போனது. வெளியே பெய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அவளுக்குக் கேட்கவில்லை.

"...பொழுதுபட எஞ்சின் நிண்டிட்டு."

போன் அதிர்ந்தது. அவள் அழுத்தினாள்.

காற்று. தண்ணீர். மூச்சு. இருமல்.

"சனூஸா."

"ஓம் மச்சான்," என்றாள், அவன் கேட்பான் என்பதுபோல.

"சனூஸா, திரும்பவும் எஞ்சின் நிண்டிட்டு."

அன்று எஞ்சின் ஒரு தரம்தானே நின்றது.

"நான் கரைக்கு வந்துகொண்டிருந்தனான் புள்ள. வெளிச்சமும் தெரிஞ்ச. நீ சொல்லத் தொடங்கின உடன திரும்ப நடுக்கடலுக்கு இழுத்திட்டு."

இது அன்று பதிந்த குரல் இல்லை.

"தண்ணி ஏறுது. திரும்பவும் ஏறுது."

போன் கையைச் சுட்டது. அவள் விடவில்லை.

"இன்னும் எத்தினை தரம் புள்ள?"

அதற்குப் பிறகு வந்தது பேச்சல்ல. வாய் நிறையத் தண்ணீரோடு ஒரு மனிதன் பேசப் பார்க்கும் சத்தம். அது நிற்கும் வரைக்கும் அவள் கேட்டாள். கேட்காமல் போட்டுவிட்டு ஓட அவளுக்கு மனம் வரவில்லை.

திரை அணைந்தது. சார்ஜ் குத்துகிற துளையிலிருந்து தண்ணீர் சொட்டிப் பாயில் விழுந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

எத்தனை பேருக்குச் சொன்னாள்? மூதூருக்குச் சொன்னாள், தம்பலகாமத்துக்குச் சொன்னாள், கட்டாருக்குச் சொன்னாள், கருவாட்டுக்காரிக்குச் சொன்னாள். அத்தனை தரமும் அவனைப் பிடித்துக் கடலுக்குள் தள்ளியது அவள்தான். "மன்னிச்சிருங்க மச்சான், எனக்குத் தெரியாது, தெரியாது" என்று பாயில் நெற்றியை அடித்துக்கொண்டு அழுதாள். ஆமினா உம்மா தொழுகைப் பாயை மடித்தபடி வந்து அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

மழை விட்டதும் றுவைஸை வரச்சொன்னாள்.

"மதுசனிட்டக் குடுத்து எல்லாத்தையும் அழிச்சிரு."

"வொய்ஸும் போயிருமே ராத்தா."

"போகட்டும்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"நான் யோசிச்சா விடமாட்டன்டா. நீ கொண்டு போ."

மதுசன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டான். போன் புதிதுபோலச் சில்லென்று இருந்ததாம். அதை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாமென்று சனூஸா சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததும் இரண்டாம் முறை விதவையானது போல இருந்தது.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவளுடைய பதில், "அல்லாஹ்ட நாட்டம்" என்பது மட்டும்தான். ஊர் சும்மா இருக்குமா? "முந்தி எல்லாரையும் பிடிச்சு வெச்சுச் சொன்னாள், இப்ப வாய் திறக்கிறாளில்ல. மனசு கல்லாப் போயிட்டு" என்றார்கள். இத்தா முடியும் முன்னே மாப்பிள்ளை பார்க்கிறாளோ என்றும் ஒருத்தி சொன்னாள். சனூஸா எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். சொல்லாமல் இருப்பதுதான் அவனுக்கு அவள் செய்யக்கூடிய ஒரே உபகாரம். தரை காய்ந்தது. டீசல் மணம் போனது. அவன் கரையேறியிருப்பான் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் கொஞ்சம் தூங்கவும் தொடங்கினாள்.

இத்தா முடியச் சில நாட்கள் இருக்கும்போது புத்தளத்திலிருந்து றுஷ்தா வந்தார். ஆமினா உம்மாவின் தங்கை. காலில் சத்திரசிகிச்சை செய்து கிடந்ததால் மையத்துக்கு வர முடியாமல் போனவர். நல்ல வெயிலடிக்கிற காலை நேரம். கதிரை வேண்டாமென்று பாயிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, சனூஸாவின் கன்னத்தைத் தடவிக் கேட்டார்.

"எப்பிடி மகள் நடந்த?"

"அல்லாஹ் எடுத்திட்டான் சின்ன மாமி. அவ்வளவுதான்."

றுஷ்தாவின் முகம் சுருங்கியது. சஜீத் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. இதைக் கேட்கத்தானே காலை இழுத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்தார். சனூஸாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று குசினிக்குப் போய்விட்டாள்.

சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போது முன்னறையில் ஆமினா உம்மாவின் குரல் கேட்டது. இத்தனை மாதமும் வாய் திறக்காத மனுசி.

"விடியவே இடியப்பமும் சொதியும் திண்டான்."

கரண்டி கையிலிருந்து விழுந்தது.

"கூடப் போறவனுக்குக் காய்ச்சல். தனியப் போகாதீங்க எண்டு இவள் சொன்னாள்."

சனூஸா முன்னறைக்கு ஓடினாள். வாசல் நிறைய வெயில் கிடந்தது, அறைக்குள் மட்டும் அது வரவில்லை. டீசல் மணம் மூக்கில் அறைந்தது. போன் இல்லை. சார்ஜர்கூட அந்த வீட்டில் இல்லை.

"மாமி, வேணாம்!"

"அஸர் தொழுதிட்டுப் போனான். படகில ஏறினான்."

ஆமினா உம்மாவுக்கு வலப்பக்கம் பாய் வெறுமையாகத்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நனைந்த சாரனோடு யாரோ வந்து உட்கார்ந்ததுபோல அந்த இடம் கறுத்து ஊறியது.

அவள் மாமியின் காலடியில் விழுந்து காதோடு சொன்னாள். "சொல்லாதீங்க மாமி. நாங்க சொன்னா அவர் திரும்பவும் தாழுவார். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் புள்ள." ஆமினா உம்மாவும் ரகசியமாகத்தான் சொன்னார். "நீ சொல்லேக்கயெல்லாம் இந்த இடத்திலதான் வந்து இருப்பான். நீ எஞ்சினுக்கு வந்த உடன எழும்பிப் போயிருவான். நீ போனப் பார்த்துக்கொண்டிருந்த. நான் அவனப் பார்த்துக்கொண்டிருந்தன்."

சனூஸா ஊறிய இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ சொல்றத விட்ட பிறகு என்ட புள்ளய நான் காணவேயில்ல," என்றார் அந்தத் தாய். அப்போதுதான், மகன் மௌத்தான பிறகு முதல்முறையாக, அவருடைய கண் நிறைந்தது.

றுஷ்தாவுக்கு இவர்கள் குசுகுசுத்தது ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"படகில ஏறினான். பிறகு ராத்தா?"

ஆமினா உம்மா வாயை மூடிக்கொண்டார்.

"பிறகு?"

"முடிக்கமாட்டன்," என்றார் சனூஸாவுக்கு மட்டும் கேட்கும்படி. "முடிச்சாத்தானே போவான்."

அவருடைய வலது கை பாயில் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களுக்கிடையில் தண்ணீர் கசிந்து கொண்டிருந்தது.

தாழவும் விடாமல், கரையேறவும் விடாமல், படகில் ஏறின இடத்திலேயே அவனை நிறுத்தி வைத்திருக்கிறார் பெற்றவள். இது அவனுக்கு நிம்மதியா, இல்லை அதைவிடப் பெரிய கொடுமையா? சனூஸாவுக்குத் தெரியவில்லை. விடச்சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. ஈரமான இடத்துக்கு மற்றப் பக்கம் போய் மெதுவாக உட்கார்ந்து, தன்னுடைய கையையும் பாயில் விரித்து வைத்தாள்.

"பிறகு என்ன நடந்த? ஆராவது சொல்லுங்களன்," என்று றுஷ்தா கெஞ்சினார்.

இருவரும் பேசவில்லை. சனூஸாவின் உள்ளங்கை குளிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நனைந்துகொண்டு வந்தது. அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.